சிங்க் ஆகிவிட்டது என்றால் பத்திரமாகிவிட்டது என்று அர்த்தமில்லை

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இது எனக்கு நான்காம் ஆண்டு. ஆய்வேடு முழுவதையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, பல்கலைக்கழகம் கொடுத்த கிளவுட் கணக்கோடு இணைத்திருந்தேன். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று பழைய ஃபைல்களை அழித்தபோது, இரண்டு அத்தியாயங்கள் இருந்த ஃபோல்டரும் சேர்ந்து போய்விட்டது. நாற்பது நாள் கழித்துத்தான் கவனித்தேன். கிளவுடிலும் இல்லை. கணினி மையத்தில் கேட்டால் “முப்பது நாளுக்கு மேல் எங்களிடம் இருக்காது” என்கிறார்கள். தப்பு என்னுடையதா, அவர்களுடையதா? இப்போது பயத்தில் ஏழு பென் டிரைவ்களில் நகல் வைத்திருக்கிறேன், அப்படியும் தூக்கம் வரவில்லை. இதே மையம் 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறது. அது உண்மையிலேயே பாதுகாப்பா? என் நெறியாளர் நல்லவர்தான், ஆனால் வேலை சுலபமாகும் என்று என் பாஸ்வேர்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா? கடைசியாக ஒன்று: உங்களைப் போன்ற சிஸ்டம் அட்மின்கள் எங்கள் மெயில்களைப் படிப்பீர்களா?

பதில்:

அன்புள்ள ஆய்வாளருக்கு,

தப்பு யாருடையது என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் தேட வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மெயிலில் ‘அனுப்பியவை’ பகுதியைத் திறந்து, நெறியாளரின் முகவரியைப் போட்டு, இணைப்பு உள்ள மெயில்களை மட்டும் தேடுங்கள். நான்கு வருடத்தில் அத்தியாய வரைவு எதையும் அவருக்கு அனுப்பாமலா இருந்திருப்பீர்கள்? அடுத்து, கருத்துத் திருட்டுச் சோதனைக்கு ஏற்றியது, ஆய்வுக் குழுக் கூட்டத்துக்குக் கொடுத்தது, கருத்தரங்குக்கு அனுப்பிய கட்டுரை, தோழியிடம் பிழை பார்க்கக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள். ஒருமுறை செல்போனில் திறந்து படித்திருந்தால் அதன் டவுன்லோடு ஃபோல்டரில் கிடக்கலாம். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. இதே நிலையில் கண் கலங்கி என் அறைக்கு வந்தவர்களில் பலருக்கு வரைவு கிடைத்தது இந்த மாதிரி மூலைகளில்தான். சர்வரிலிருந்து கிடைத்தவர்கள் குறைவு.

லேப்டாப்பிலிருந்தே நேரடியாக மீட்க முடியுமா என்பது உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் பொறுத்தது. பழைய வகை, அதாவது சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால், அழித்த ஃபைலின் மேல் வேறு எதுவும் எழுதப்படும்வரை அது உள்ளே இருக்கும். அப்படியானால் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அந்த லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள்; நிறுவுவதே நீங்கள் தேடுவதன் மேல் எழுதிவிடக்கூடும். புதிய வகை, அதாவது சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியாக இருந்தால் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்தெந்த இடம் காலியானது என்று ஆபரேட்டிங் சிஸ்டம் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அதுவும் அந்த இடங்களைத் தானே துடைத்து வைத்துக்கொள்ளும். இதற்கு ‘டிரிம்’ என்று பெயர். நாற்பது நாள் ஓடிய எஸ்எஸ்டியில் எதுவும் மிஞ்சியிருப்பது அபூர்வம். மீட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் அதற்காகப் பெரிய தொகையைக் கொட்டாதீர்கள்.

சரி, இப்போது தப்பு யாருடையது என்ற கேள்வி.

அழித்தது உங்கள் கைதான். ஆனால் அதை நீங்கள் தைரியமாக அழித்ததற்குக் காரணம், ஃபோல்டரின் ஓரத்தில் தெரிந்த அந்தப் பச்சைக் குறி. ‘எல்லாம் மேலே போய்விட்டது, பத்திரமாக இருக்கிறது’ என்று அது சொன்னதாக நினைத்தீர்கள். அது சொன்னது வேறு: ‘இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றுபோல இருக்கின்றன.’ சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் எழுதினால் அந்தப் பக்கமும் எழுதப்படும், இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அழியும். ரான்சம்வேர் என்ற, பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களையே மேலே அனுப்பிவைக்கும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பேக்கப் செய்யும் வேலை வேறு. நேற்று எப்படி இருந்தது, போன மாதம் எப்படி இருந்தது என்பதை, இன்று நீங்கள் என்ன செய்தாலும் மாறாமல் வைத்திருப்பது பேக்கப்.

இந்த வித்தியாசத்தை, நீங்கள் சேர்ந்த முதல் நாளே உங்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டியது கணினி மையத்தின் கடமை. முப்பது நாள் கணக்கு எங்கேயோ ஒரு விதிமுறை ஆவணத்தின் உள்ளே இருந்திருக்கும். அதை யாரும் படிப்பதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். என் தரப்பின் பங்கு இதில் சின்னது என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிய ஆய்வாளர்களுக்கு நடத்தும் அறிமுக வகுப்பில் முதல் பத்து நிமிடம் இதை மட்டுமே பேசுகிறேன்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட் அளவுக்கு ஆய்வு ஃபைல்கள் அழிந்துபோயின. ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள், பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அழித்தது வைரஸ் அல்ல, பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு. பழைய லாக் ஃபைல்களை, அதாவது என்ன நடந்தது என்று கணினி எழுதிவைக்கும் பதிவுகளைத் துடைக்கும் பகுதி அதில் இருந்தது. ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய பதிப்பை மேலே எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டளைகளை நிறைவேற்றும் பாஷ் ஷெல் என்ற மென்பொருள் ஒரு ஸ்கிரிப்டை முழுவதுமாகப் படித்துவிட்டு ஓடுவதில்லை. ஓட ஓடத்தான் படிக்கும். நடுவில் ஃபைல் மாறியதும், எந்த ஃபோல்டரைத் துடைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய வேரியபிள், அதாவது ஃபோல்டரின் பெயர் இருக்க வேண்டிய இடம், காலியாக நின்றது. லாக் ஃபோல்டரோடு நின்றிருக்க வேண்டிய துடைப்பு, ஆய்வாளர்களின் ஃபைல்களில் இறங்கிவிட்டது. அதைச் செய்தவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்ல. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் ஸ்கிரிப்ட்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்து மறுபடி வரி வரியாகப் பார்த்தேன்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், நான் அப்போது இருந்த ஒரு கல்வி நிறுவனத்தில் தினமும் இரவு டேப்பில் பேக்கப் ஓடும். காலையில் வந்ததும் லாகைப் பார்ப்பேன். ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று கடைசி வரி இருக்கும். டேப்பை மாற்றி, தேதி எழுதிய சீட்டை ஒட்டி அலமாரியில் வைப்பேன். ஒருநாள் வானிலை அளவீடுகளை வருடக்கணக்கில் சேர்த்துவந்த பேராசிரியர் ஒருவர் வந்தார். ஒரே ஒரு ஃபைல்தான் வேண்டும், முந்தைய வாரத்தது. டேப்பைச் செருகினேன். சுழலும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் நின்றது. திரையில் வந்த பட்டியல் காலி. அதற்கு முந்தைய வாரத்து டேப், காலி. அதற்கும் முந்தையது, அதுவும் காலி. ஏழு மாதத்துக்கு முன் அவருடைய ஃபோல்டர்களைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றியிருந்தோம். ஸ்கிரிப்டில் பழைய பாதை அப்படியே இருந்தது. ஒன்றுமில்லாத ஃபோல்டரை இரவு தவறாமல் பேக்கப் எடுத்து, ‘வெற்றி’ என்று எழுதிவைத்திருக்கிறது. அந்த லாகில் கடைசி வரிக்கு மேலேயே எழுதிய அளவும் இருந்தது: சில கிலோபைட்டுகள். நான் பார்த்தது கடைசி வரியை மட்டும்.

அவர் என்னைத் திட்டவில்லை. “அப்படியா” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கையால் எழுதிய குறிப்பேடுகள் அவரிடம் இருந்ததால், அவற்றைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்ய முடிந்தது. பல சனிக்கிழமைகள் நானும் கூட உட்கார்ந்து எண்களை ஏற்றினேன். அதற்குப் பிறகு இன்றுவரை, திறந்து பார்க்காத நகலை நான் பேக்கப் என்று சொல்வதில்லை. 2017 ஜனவரியில், நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்தபோதும் இதுதான் வெளியே வந்தது. மீட்பதற்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள், ஐந்தில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது.

உங்கள் ஏழு பென் டிரைவ்களுக்கு வருகிறேன். ஏழும் ஒரே பையில் இருக்கின்றனவா? ஏழிலும் ஒரே நாளில் நகல் எடுத்தீர்களா? அப்படியென்றால் எண்ணிக்கைதான் ஏழு, பாதுகாப்பு ஒன்றுக்குத்தான். பை தொலைந்தால் ஏழும் போகும். எங்கள் துறையில் 3-2-1 என்பார்கள். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய வழக்கம் அது. மூன்று நகல்கள், இரண்டு வகையான சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு இது எளிது. லேப்டாப்பில் இருப்பது ஒன்று. வெளியில் செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்று. வாரம் ஒருமுறை செருகி, நகல் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், செருகியபடியே இருந்தால் ரான்சம்வேருக்கு அதுவும் கைக்கெட்டும் தூரம்தான். மூன்றாவது, பழைய பதிப்புகளை வைத்திருக்கும் கிளவுட் கணக்கு. எத்தனை நாள் வைத்திருக்கும் என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் ஃபைலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக மட்டும் நல்லது, வருடக்கணக்கில் நம்பி வைக்க ஏற்றதல்ல.

ஃபைல் பெயரில் ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘உண்மையான இறுதி’ என்று வைக்காதீர்கள். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் பெயரின் முன்னால் போடுங்கள். அதுவே ஒழுங்காக வரிசைப்படும், எது கடைசி என்று யாரையும் கேட்க வேண்டாம்.

தூக்கம் வருவதற்கு மருந்து என்றால் அது இன்னொரு நகல் எடுப்பதல்ல, எடுத்த நகலிலிருந்து மீட்டுப் பார்ப்பதுதான். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் லேப்டாப்பில் வேண்டாம், நூலகத்திலோ ஆய்வகத்திலோ உள்ள வேறொரு கணினியில் உட்காருங்கள். போன மாதத்து நகலிலிருந்து ஏதாவது ஒரு அத்தியாயத்தை எடுத்துத் திறங்கள். எத்தனை பக்கம், படங்கள் வருகின்றனவா, இல்லை படம் இருந்த இடத்தில் காலிப் பெட்டி நிற்கிறதா, மேற்கோள் பட்டியல் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் எழுதிய ஆய்வேடாக இருந்து, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் ஏதாவது பகுதி இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது குப்பையாகத் தெரியும். அதையும் அன்றே கண்டுபிடித்து மாற்றிவிடலாம். படங்கள் வேறு ஃபோல்டரில் இருந்து நகலில் சேராமல் போயிருப்பதை இப்படித் திறந்து பார்த்த பிறகுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

90 நாள் பாஸ்வேர்டு பற்றி: அந்த விதி காலாவதியானது, நான் அதற்கு எதிரானவன். 2010ல் வட கரோலைனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தங்கள் பல்கலைக்கழகத்திலேயே மூடப்பட்டுவிட்ட பழைய கணக்குகளை எடுத்து இதைச் சோதித்தார்கள். அங்கேயும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் விதி இருந்தது. பழைய பாஸ்வேர்டு ஒன்று தெரிந்தால், சுமார் 17 சதவீதக் கணக்குகளில் அடுத்த பாஸ்வேர்டை ஐந்து முயற்சிக்குள் ஊகிக்க முடிந்தது. காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: கடைசியில் இருக்கும் 3 அடுத்த முறை 4 ஆகும், அவ்வளவுதான். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், முன்பு வெளியிட்ட வழிகாட்டியில் பாஸ்வேர்டு ஆலோசனைகளை எழுதிய பில் பர், அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியதற்காக வருந்துவதாக 2017ல் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு வந்த புதிய வழிகாட்டி, காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. கசிந்ததற்கான அறிகுறி தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும், அது வேறு.

எங்கள் இடத்தில் இந்த விதியை எடுக்க எனக்குப் பல கூட்டங்கள் ஆயின. தணிக்கைப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்ததுதான் பெரிய தடை. உங்கள் மையத்தில் இருப்பவர்களுக்கும் விருப்பம் இருக்கலாம், கை கட்டப்பட்டிருக்கலாம். அதுவரை பாஸ்வேர்டுகளை உருவாக்கி நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வைத்துக்கொண்டு, நீளமான பாஸ்வேர்டை அதையே உருவாக்கச் சொல்லுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். பல்கலைக்கழகக் கணக்கின் பாஸ்வேர்டை வேறு எந்தத் தளத்திலும் பயன்படுத்தாதீர்கள்.

நெறியாளருக்குக் கொடுக்கலாமா? வேண்டாம். அவர் நல்லவரா என்ற கேள்வியே இதில் எழவில்லை. லாகில் பதிவாவது கணக்கின் பெயர், நேரம், எந்தக் கணினியின் முகவரி ஆகியவை மட்டும். உட்கார்ந்திருந்த ஆள் யார் என்று அதில் இருக்காது. ஒருமுறை ஒரு மாணவரின் கணக்கிலிருந்து ஒரே இரவில் ஆய்விதழ்க் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டு, பதிப்பகம் எங்கள் வளாகம் முழுவதற்கும் அணுகலை நிறுத்திவிட்டது. விசாரணைக்கு லாகை எடுத்துக் கொடுத்தவன் நான். அவர் அன்று ஊரிலேயே இல்லை. பாஸ்வேர்டு ஆய்வகத்தில் நான்கு பேருக்குத் தெரியும். அதை நிரூபிக்க அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மறுப்பது சங்கடம்தான், தெரியும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. “சார், நீங்கள் எப்போது சொன்னாலும் நானே உடனே ஏற்றிவிடுகிறேன், ஃபோல்டரை உங்கள் கணக்கோடு பகிர்ந்துவிடுகிறேன், நீங்களே திருத்தலாம்” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது வேலை நடப்பதுதான், உங்கள் பாஸ்வேர்டு அல்ல. அப்படியும் வற்புறுத்தினால் கணினி மைய விதி அனுமதிக்கவில்லை என்று எங்கள் மேல் பழியைப் போடுங்கள். அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

கடைசிக் கேள்வி. உங்கள் பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் என்ற கணினியில் பாஸ்வேர்டுகள் அப்படியே ஒரு ஃபைலில் இருந்தன. அதை ஒருவரும் அன்றைய அறிவிப்பை இன்னொருவரும் ஒரே நேரத்தில் திருத்தப்போக, இரண்டு ஃபைல்களும் இடம் மாறி, உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் டெர்மினலில் அச்சாகி வந்தது. இன்று ஒழுங்காக நடத்தப்படும் எந்த சர்வரிலும் பாஸ்வேர்டு இருக்காது. அதிலிருந்து கணக்கிட்ட, திருப்பி எடுக்க முடியாத ஹேஷ் மட்டும்தான் இருக்கும். மெயிலைப் பொறுத்தவரை, தொழில்நுட்ப ரீதியாக முழு அதிகாரம் உள்ளவரால் திறக்க முடியும் என்பதை மறைக்க மாட்டேன். அன்றாட வேலையில் நான் பார்ப்பது யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு அளவு, போய்ச் சேர்ந்ததா என்பவற்றை மட்டும். எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாமல் உள்ளே இருப்பதைத் தொட்டால் அது நம்பிக்கைத் துரோகம். அதைச் செய்பவருக்கு இந்த வேலையில் இடமில்லை. இருந்தாலும் சொந்த விஷயங்களைச் சொந்தக் கணக்கில் வையுங்கள். பட்டம் முடிந்து சில காலத்தில் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படும் என்பதும் அதற்கு ஒரு காரணம். எப்போது மூடுவார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கணினி மையத்துக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: “கடைசியாக எப்போது நீங்கள் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்?” கோபமாக வேண்டாம், தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற மாதிரியே கேளுங்கள். என்னிடம் மாணவர் யாராவது இதைக் கேட்டால் சந்தோஷப்படுவேன்.

இன்று இரவு ‘அனுப்பியவை’ பகுதியைத் தேடுங்கள். நாளை நெறியாளரைப் பார்க்கும்போது, அவர் பேனாவால் திருத்திய பழைய அச்சுப்படி ஏதாவது அலமாரியில் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். பல பேராசிரியர்கள் அவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. கிடைத்தால் நூலகத்து ஸ்கேனரில் கொடுத்து, எழுத்துணரி மென்பொருளில் ஓட்டுங்கள். பிழைகள் வரும், அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். ஓரத்தில் அவர் எழுதிய குறிப்புகளும் உங்களுக்கு மிஞ்சும்.